பீடத்திலிருந்து பதவிக்கு: கர்னல் சிவிங்டனின் டென்வர், அன்றும் இன்றும்

1894 அக்டோபரில் டென்வர் நகரம் தன் முன்னோடிகளில் ஒருவரை மிகுந்த மரியாதையோடு அடக்கம் செய்தது. ஜான் மில்ட்டன் சிவிங்டன், மெதடிஸ்ட் சபைப் போதகர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னல். கொலராடோ மேசன் சங்கத்தின் முதல் தலைவர். முதுமையில் அரபாஹோ கவுண்டியின் துணை ஷெரிப், பிறகு மரண விசாரணை அதிகாரி. மேசன் சங்கத்தார் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து அவரை வழியனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் அவர் தலைமையிலான படை சுமார் 230 பேரைக் கொன்றதும், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்பதும் அந்த நகரத்துக்குத் தெரியாத செய்தி இல்லை. அரசு விசாரணைகளில் பதிவாகி, அச்சில் வந்திருந்த செய்தி அது.

இன்று அதே நகரத்தில், சாண்ட் கிரீக்கில் சுட மறுத்த இளம் அதிகாரிக்குத் தெருமுனையில் நினைவுப் பலகை இருக்கிறது. மாநில ஆளுநர் தலைமைச் செயலகப் படிகளில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சிவிங்டனின் சபையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அன்றைய ஆளுநரின் பெயரைத் தாங்கியிருந்த மலைக்குப் பெயர் மாறிவிட்டது. வருடங்கள் ஓடியதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. சிலர் உயிரைப் பணயம் வைத்து எழுதிவைத்தார்கள். சிலர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களால் வந்தது இந்த மாற்றம்.

சபை

சிவிங்டன் 1821இல் ஒஹையோ மாநிலத்தில் லெபனான் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தார். 1844இல் மெதடிஸ்ட் போதகராக அபிஷேகம் பெற்றார். இல்லினாய், மிசௌரி, கன்சாஸ், நெப்ராஸ்கா என்று குடியேற்றம் மேற்கே நகர நகர அவருடைய ஊழியமும் நகர்ந்தது.

அந்தக் காலத்து எல்லைப்புற மெதடிஸ்ட் போதகருக்கு ஒரே ஊர், ஒரே கோயில் என்ற வாழ்க்கை கிடையாது. ஆண்டு மாநாடு ஒரு சேகரத்தைப் பெயர் சொல்லிக் கையில் கொடுக்கும். சேணப்பையில் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, குதிரை மேல் அந்தச் சேகரம் முழுவதையும் அவர் சுற்ற வேண்டும். மரக்குடிலிலும் மரத்தடியிலும் பிரசங்கம் நடக்கும். கல்யாணமும் ஞானஸ்நானமும் அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும். நீதிமன்றமும் காவலும் எட்டிப் பார்க்காத ஊர்களில் எல்லோருடைய பெயரும் குடும்பமும் தெரிந்தவர், கூட்டத்தை அடக்கிப் பேசத் தெரிந்தவர் அவர்தான். இப்படிப்பட்ட போதகர்கள் அரசுப் பதவிக்குப் போனதில் வியப்பில்லை. இல்லினாயில் பீட்டர் கார்ட்ரைட் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1846இல் காங்கிரஸ் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனிடம் தோற்றார். டென்னசியில் வில்லியம் பிரவுன்லோ ஆளுநராகவே ஆனார். பீடத்தில் சேர்த்த செல்வாக்கு வாக்குச்சாவடியில் செல்லுபடியானது.

சிவிங்டன் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடல், இடி போன்ற குரல். அடிமைமுறையை வெளிப்படையாக எதிர்த்தவர். மிசௌரியில் அடிமைமுறை ஆதரவாளர்கள், பிரசங்கம் செய்தால் தார் பூசி விரட்டுவோம் என்று மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறு பீடத்தில் வேதாகமத்தோடு இரண்டு கைத்துப்பாக்கிகளையும் வைத்துவிட்டு அவர் பிரசங்கம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. சண்டைப் போதகர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. கன்சாஸில் வயண்டாட் பழங்குடி மக்களிடையே மிஷனரியாகவும் இருந்தார். 1860இல் தங்கம் தேடி வந்தவர்களால் பொங்கி வழிந்த டென்வருக்கு, ராக்கி மலை மாவட்டத்தின் தலைமை மூப்பராக வந்து சேர்ந்தார். போர் மூண்டதும் படையில் மதகுருவாகச் சேரச் சொன்னார்கள். அதை மறுத்து, சண்டையிடும் பதவியைக் கேட்டு வாங்கி மேஜர் ஆனார். 1862 மார்ச் 28 அன்று நியூ மெக்சிகோவின் குளோரியெட்டா கணவாயில் தெற்கத்திப் படையின் சரக்கு வண்டிகளைக் கொளுத்தி, அவர்களைப் பின்வாங்க வைத்தார். அதன் பிறகு அவர் கொலராடோவின் வீரர்.

கறுப்பின மக்களின் விடுதலைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒரு போதகர், பழங்குடிக் குழந்தைகளைக் கொல்லும் படைக்கு எப்படித் தலைமை தாங்கினார்? என்னை விடாமல் உறுத்தும் கேள்வி இது. நீதி உணர்வு ஒரு திசையில் கூர்மையாக இருந்தால் எல்லாத் திசையிலும் இருக்கும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். சிவிங்டனின் வாழ்க்கை அந்த நம்பிக்கையை உடைக்கிறது. தன் ஊர், தன் மக்கள், தன் நாகரிகம் என்று அவர் கருதியவற்றுக்குக் குறுக்கே நின்றவர்கள்மீது அவருக்கு இரக்கம் இல்லாமல் போனது. அவருக்குப் பின்னால் நின்ற சபையும் அன்று அவரைத் தட்டிக்கேட்கவில்லை.

டென்வரில் உள்ள மெதடிஸ்ட் இறையியல் கல்லூரியான இலிஃப் அதற்கு ஒரு சான்று. ஓர் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் தோலால் அட்டை கட்டப்பட்ட லத்தீன் திருச்சபை வரலாற்று நூல் ஒன்று 1893இல் அந்தக் கல்லூரிக்கு அன்பளிப்பாக வந்தது. அது பெருமைக்குரிய பொருளாகப் பல பத்தாண்டுகள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. போதகர்களாகப் போகும் மாணவர்கள் அதைத் தினமும் கடந்து போனார்கள். 1974இல்தான் அந்த அட்டை நீக்கப்பட்டு, அடக்கம் செய்வதற்காகப் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்று சபையின் குரல் மாறியிருக்கிறது. 1996இல் டென்வரிலேயே கூடிய ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் பொது மாநாடு சாண்ட் கிரீக் படுகொலைக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பிற்பாடு சபை, அந்தப் படுகொலையில் மெதடிஸ்ட்டுகளுக்கு இருந்த பங்கை ஆராயும் பொறுப்பை வரலாற்றாசிரியர் கேரி ராபர்ட்ஸிடம் ஒப்படைத்தது. கொல்லப்பட்டவர்களின் சந்ததியாரோடு பேசி எழுதப்பட்ட அந்த அறிக்கை 2016 பொது மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. ஒரு சபை தன் ஊழியரின் குற்றத்தைத் தன் குற்றமாகவும் எடுத்துக்கொண்டு ஆராய்வது அரிய செயல்.

ஓடைக்கரை

1851ஆம் ஆண்டு லாராமி கோட்டை ஒப்பந்தத்தின்படி, இன்றைய டென்வர் நிற்கும் நிலமும் அதைச் சுற்றிய சமவெளியும் ஷையான், அரபாஹோ மக்களுடையவை. 1858இல் தங்கம் கிடைத்ததும் கூட்டம் கூட்டமாகக் குடியேறிகள் வந்தார்கள். 1861இல் வைஸ் கோட்டையில் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தம் பழங்குடி நிலத்தைச் சிறு துண்டாகச் சுருக்கியது. காட்டெருமை குறைந்தது, பசி வந்தது, மோதல் தொடங்கியது. 1864 ஜூனில் டென்வருக்கு அருகே ஒரு குடியேறிக் குடும்பம் கொல்லப்பட்டு, அந்தச் சடலங்கள் நகரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஊர் பயத்தில் கொதித்தது. பகைமை காட்டும் பழங்குடியினரைக் குடிமக்கள் கொல்லலாம், அவர்கள் உடைமையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆளுநர் ஜான் இவான்ஸ் ஆகஸ்டில் பிரகடனம் வெளியிட்டார். இவான்ஸும் மெதடிஸ்ட்தான். அவரும் சிவிங்டனும் கொலராடோவுக்கு மாநில அந்தஸ்து வாங்கப் பாடுபட்டவர்கள். சிவிங்டனுக்குக் காங்கிரஸ் உறுப்பினர் ஆகும் ஆசையும் இருந்தது.

செப்டம்பர் 28 அன்று, ஷையான் தலைவர் பிளாக் கெட்டில் உள்ளிட்டோர் சமாதானம் பேச டென்வரின் வெல்ட் முகாமுக்கு வந்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது. தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்துவந்த மேஜர் எட்வர்ட் வின்கூப்பும் கேப்டன் சைலஸ் சோலும் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். சமாதானம் வேண்டுமானால் லயன் கோட்டைக்குப் போய் வின்கூப்பிடம் பேசுங்கள் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னவர் சிவிங்டன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர்கள் கோட்டைக்கு வடக்கே சாண்ட் கிரீக் ஓரம் கூடாரம் போட்டார்கள்.

நவம்பர் 28 இரவு, ஏறக்குறைய 675 குதிரைப் படையினரோடும் நான்கு பீரங்கிகளோடும் சிவிங்டன் லயன் கோட்டையிலிருந்து புறப்பட்டார். படையில் பெரும்பாலோர் நூறு நாள் சேவைக்குச் சேர்ந்த தொண்டர்கள். அந்த நூறு நாளும் முடியப்போகிற நேரம். இரவு முழுக்கக் குதிரை ஓட்டி, விடியும்போது முகாமை அடைந்தார்கள். ஷையானும் அரபாஹோவுமாக அங்கே சுமார் 750 பேர் இருந்தார்கள். பிளாக் கெட்டில் தன் கூடாரக் கம்பத்தில் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றினார். சுடுவது நிற்கவில்லை. சமாதானம் பேசியே வயதான தலைவர் ஒயிட் ஆன்டிலோப் அங்கேயே விழுந்தார். ஓடைப் படுகை வழியே மேலே ஓடியவர்கள் மணலைக் கையால் தோண்டிக் குழி பறித்துப் பதுங்கினார்கள். பீரங்கிக் குண்டுகள் அந்தக் குழிகளிலும் விழுந்தன. பிளாக் கெட்டிலின் மனைவி ஒன்பது குண்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார். வீரர்கள் சடலங்களைச் சிதைத்து, உடல் உறுப்புகளை அறுத்து எடுத்துவந்து டென்வர் அரங்கத்தில் காட்டினார்கள். ஊர் கைதட்டியது. நானூறு ஐந்நூறு போர்வீரர்களைக் கொன்றோம் என்று சிவிங்டன் அறிக்கை எழுதினார்.

அந்த இடத்தில் 1950இல் ஒரு கல் நட்டார்கள். சாண்ட் கிரீக் போர்க்களம் என்று அதில் பொறித்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மரியாதை செலுத்த வந்தால், தங்கள் முன்னோர் ஒரு போரில் மடிந்ததாகப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இன்று அந்தக் கரை, ஈட்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வட ஷையான் வழிவந்த செனட்டர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல் கொண்டுவந்த சட்டத்தால் 2000இல் அனுமதி பெற்று, 2007 ஏப்ரலில் தேசிய வரலாற்று இடமாகத் திறக்கப்பட்டது. 2022இல் மேலும் 3,478 ஏக்கர் அதோடு சேர்ந்தது. பெயரிலேயே படுகொலை என்ற சொல் இருக்கிறது. பார்க்கப் போகிறவர் மேட்டின் மேல் நடந்து, காய்ந்த ஓடையையும் காட்டன்வுட் மரங்களையும் மேலிருந்து பார்க்கலாம். கீழே படுகையில் இறங்க அனுமதி கிடையாது. இறந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று சந்ததியார் கருதுகிறார்கள். அதை அரசு மதிக்கிறது. பல இடங்களில் சேகரிப்புப் பொருளாகக் கிடந்த எலும்புகள் மீட்கப்பட்டு அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டிருக்கின்றன.

அலுவலகம்

1865இல் இரண்டு காங்கிரஸ் குழுக்களும் ஒரு ராணுவ ஆணையமும் சாண்ட் கிரீக்கை விசாரித்தன. காங்கிரஸ் குழுவின் அறிக்கை சிவிங்டனைக் கடுமையாகக் கண்டித்தது. இவான்ஸ் ஆளுநர் பதவியை இழந்தார். ஆனால் சிவிங்டனின் படைச் சேவை அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் ராணுவ நீதிமன்றம் அவரைத் தொட முடியவில்லை. குடிமை நீதிமன்றம் எதுவும் தொட விரும்பவில்லை.

பிறகு நெப்ராஸ்காவில் சரக்கு வண்டித் தொழில் நடத்தி நொடித்துப்போனார். இறந்துபோன தன் மகனின் மனைவியை 1868இல் மணந்து, பின்பு அவரையும் விட்டுப் போனார். ஒஹையோவுக்குத் திரும்பி உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார். 1883இல் அங்கே சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது எதிர்த்தரப்பினர் சாண்ட் கிரீக்கை எடுத்துப் பேச, போட்டியிலிருந்து விலகினார். அதே ஆண்டு டென்வருக்குத் திரும்பினார். டென்வர் கைநீட்டி வரவேற்றது. முன்னோடிகள் கூட்டத்தில், செய்ததற்கு வருந்தவில்லை என்று மேடையிலேயே சொன்னார், கைதட்டல் வாங்கினார்.

ஒஹையோவில் ஓட்டுக் கேட்கவே தடையாக இருந்த அதே செயல், டென்வரில் பதவிக்குத் தகுதியானது. துணை ஷெரிப் பதவி கிடைத்தது. அதன் பின் மரண விசாரணை அதிகாரிப் பதவி. சந்தேகத்துக்குரிய மரணம் எங்கே நடந்தாலும் அங்கே போய்ச் சடலத்தைப் பார்த்து, இந்த மனிதர் எப்படி இறந்தார், யார் பொறுப்பு என்று அரசு சார்பில் சொல்ல வேண்டிய வேலை அது. 230 பேரின் மரணத்துக்குப் பதில் சொல்லாதவர் கையில் கவுண்டி அந்த வேலையைக் கொடுத்தது. அந்தப் பதவியில் இருந்தபோது இறந்தவர் ஒருவரின் பணத்தை எடுத்துக்கொண்டதாக அவர்மீது புகாரும் எழுந்தது. 1887இல் மிசௌரி பசிபிக் ரயில்பாதை படுகொலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரை உண்டாக்கியபோது, அதற்கும் சிவிங்டன் என்றே பெயர் வைத்தார்கள்.

இன்றைய அரசு வேறு மொழியில் பேசுகிறது. 2014 டிசம்பர் 3 அன்று, படுகொலையின் 150ஆம் ஆண்டு நினைவில், ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் தலைமைச் செயலகப் படிகளில் சந்ததியார் முன் மன்னிப்புக் கேட்டார். அப்படி முறையாக மன்னிப்புக் கேட்ட முதல் கொலராடோ ஆளுநர் அவர். 2021 ஆகஸ்டில் ஆளுநர் ஜாரெட் போலிஸ், இவான்ஸின் 1864 பிரகடனங்களை ரத்து செய்தார். 157 ஆண்டுகள் அவை ஏட்டிலிருந்து நீக்கப்படாமலே கிடந்தன. 14,000 அடிக்கு மேல் உயர்ந்து டென்வரிலிருந்தே தெரியும் இவான்ஸ் சிகரம், 2023 செப்டம்பரில் புளூ ஸ்கை சிகரம் ஆனது. இவான்ஸ் நிறுவிய டென்வர் பல்கலைக்கழகமும், அவர் நிறுவனர்களில் ஒருவராக இருந்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் தனித்தனியே ஆய்வுக் குழு அமைத்து அவருடைய பொறுப்பை ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டன. மாநில அருங்காட்சியகம் 2012இல் வைத்த சாண்ட் கிரீக் கண்காட்சி, தங்களிடம் கேட்காமல் வைத்தது என்று பழங்குடிகள் எதிர்த்ததால் மூடப்பட்டது. பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னபடியே புதிய கண்காட்சி 2022இல் திறந்தது.

சாட்சி

இவ்வளவு மாற்றத்துக்கும் வேர் 1864 டிசம்பரில் எழுதப்பட்ட இரண்டு கடிதங்களில் இருக்கிறது. படுகொலை நடந்த காலையில் கேப்டன் சைலஸ் சோலும் சக அதிகாரி ஜோசப் கிரேமரும் தங்கள் படைப்பிரிவுகளைச் சுடவிடாமல் தடுத்தார்கள். முந்தைய நாள் கோட்டையிலேயே, சமாதானத்தை நம்பி இருப்பவர்களைத் தாக்குவது கொலை என்று எதிர்த்துப் பேசியவர்கள் அவர்கள். அடுத்த சில வாரங்களில், கண்ணால் பார்த்ததை ஒளிக்காமல் வின்கூப்புக்கு எழுதினார்கள். விசாரணைகள் தொடங்க அந்தக் கடிதங்களும் காரணம்.

சோல் 1865 பிப்ரவரியில் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். ஏப்ரல் 1 அன்று அவருக்குக் கல்யாணம். ஏப்ரல் 23 இரவு டென்வர் தெருவில் ஒரு சிப்பாய் அவரைச் சுட்டுக் கொன்றான். வயது 26. கொன்றவன் கடைசிவரை தண்டிக்கப்படவில்லை. சோல் செத்த பிறகும் அவரைக் குடிகாரராகவும் கோழையாகவும் காட்டும் வாக்குமூலத்தை ஆணையத்தின் முன் கொண்டுவர சிவிங்டன் முயன்றார்.

அந்தக் கடிதங்கள் மறைந்துபோயின. 2000இல், சாண்ட் கிரீக் சட்டம் காங்கிரஸில் இருந்த நேரத்தில், கொலராடோவில் ஒரு பழைய பெட்டியிலிருந்து அவற்றின் பிரதிகள் வெளிவந்தன. ஆனால் சந்ததியாருக்கு எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை. உயிர் பிழைத்த பாட்டி எந்தத் திசையில் ஓடினார், யாரை மடியில் வைத்து இழந்தார் என்பதை ஒக்லஹோமாவிலும் மொன்டானாவிலும் வயோமிங்கிலும் வீடுகளில் அவர்கள் சொல்லி வந்தார்கள். அரசு அந்த இடத்தைத் தேடியபோது அவர்கள் சொன்னவையும் சான்றுகளாகப் பதிவாயின.

1999 முதல் நவம்பர் இறுதியில் அவர்களுடைய இளைஞர்கள் சாண்ட் கிரீக்கிலிருந்து டென்வருக்குத் தொடர் ஓட்டம் ஓடுகிறார்கள். டென்வரில் சோலின் கல்லறைக்குப் போய் மரியாதை செலுத்துகிறார்கள். பதினைந்தாவது தெருவும் அரபாஹோ தெருவும் சேரும் மூலையில் அவருக்கு 2010இல் வைத்த பலகை முன் நிற்கிறார்கள். தலைமைச் செயலகப் படிகளில் ஓட்டத்தை முடிக்கிறார்கள். தங்கள் மக்களைச் சுட மறுத்த ஒரு வெள்ளை அதிகாரியை அவர்கள் மறக்கவில்லை. இந்த நன்றியுணர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

மாறாதது

மாறாத கணக்கும் இருக்கிறது. சிவிங்டன் என்ற ஊர், ஆட்கள் போய்ப் பாழடைந்தாலும், அந்தப் பெயரிலேயே வரைபடத்தில் இருக்கிறது. டென்வரில் இவான்ஸ் அவென்யூ இருக்கிறது. அரபாஹோ கவுண்டி, ஷையான் கவுண்டி என்று கொலராடோ அந்த மக்களின் பெயர்களை வைத்துக்கொண்டது. அவர்களுக்கென்று ஓர் அடி ஒதுக்கீட்டு நிலம்கூட அந்த மாநிலத்தில் இல்லை. சாண்ட் கிரீக்கிலிருந்து தப்பிய பிளாக் கெட்டில் நான்கு ஆண்டுகள்தான் வாழ்ந்தார். 1868 நவம்பரில் வாஷிடா ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அவரையும் அவர் மனைவியையும் கொன்றது.

1865 அக்டோபரில் லிட்டில் ஆர்கன்சாஸ் ஒப்பந்தத்தில், சாண்ட் கிரீக்கில் நடந்தது தவறு என்று ஒப்புக்கொண்ட அமெரிக்க அரசு, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நிலமும் நஷ்டஈடும் தருவதாக எழுத்தில் கையெழுத்திட்டது. அந்த வாக்கு இன்றுவரை நிறைவேறவில்லை. பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மன்னிப்பும் பெயர் மாற்றமும் சிறியவை என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யான கல்வெட்டைப் படித்துவிட்டுத் திரும்பிய ஒரு தலைமுறைக்கு, உண்மையைச் சொல்லும் பலகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சிவிங்டனுக்கு டென்வர் கொடுத்தது வெறும் புகழ்ச்சி மட்டுமா? சம்பளமும் அதிகாரமும் உள்ள பதவியைக் கொடுத்தது. குற்றத்தைச் செய்தவருக்குக் கையில் கிடைத்தது பொருள். குற்றத்தைச் சுமந்தவர்களுக்கு மட்டும் சொல் போதும் என்றால் அது நீதி ஆகாது. எழுதிக் கையெழுத்திட்ட கடனை அந்த நாடு தீர்க்க வேண்டும். அதுவரை சாண்ட் கிரீக்கை முடிந்துபோன வரலாறு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.